முதுகு மண்ணில் பட்ட பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படத் திறப்பு விழாவுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

ஜங்ஷன் பக்கத்தில் ஒரு காப்பி கிளப். அதன் மாடியில் மாவிலைத் தோரணம், சந்தனம், வெற்றிலைத் தட்டு, பன்னீர்ச் செம்பு... ஒரு குறையும் இல்லை. சுவரில் பட்டுத் துணி போட்டு மூடிய பெரிய போட்டோ. அதற்குக் கீழே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில், போட்டோவில் இருக்கிற ஆளே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ரோஜா மாலை. தலையை லேசாகச் சாய்த்து, யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று காதால் தேடிக்கொண்டிருந்தார்.

முக்கூடல் சுடலைமுத்துப் பயில்வான். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரை முழுக்க அவரைக் குஸ்தியில் தள்ள ஆள் கிடையாது. கோதாவுக்குள் அவர் இறங்கினால் மண் அமுங்கும் என்பார்கள். இன்று அவரைப் படியேற்றிக் கூட்டி வர ஒரு ஆள் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் மேடையில் நடந்ததைக் கேளுங்கள்.

ஒருவர் எழுந்து பேசினார். அந்தக் காலத்துப் பயில்வான் கருப்பட்டியும் கம்பங்கூழும் தின்று இரும்பாக இருந்தான், இந்தக் காலத்துப் பயில்வான் காப்பி குடித்துக் குட்டிச்சுவராகப் போனான் என்றார். பலத்த கைதட்டல். உட்கார்ந்ததும் தம்ளரை எடுத்துக் காப்பி குடித்தார்.

வாசகர்களே, இந்த வாரம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். எந்த வாரம் கோபமில்லாமல் எழுதினீர் என்று கேட்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டி வில்வண்டி விற்பனை விளம்பரத்தைப் படிக்கலாம்.

போன தை மாதம் சிந்துபூந்துறைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கஸ் வந்து கூடாரம் அடித்தது. யானை, கரடி, கம்பியில் நடக்கிற பெண்... வழக்கமான சரக்குதான். ஆனால் புதிதாக ஒன்று இருந்தது. பாக்ஸிங். பட்டாளத்திலிருந்து விலகிய ஒரு வெள்ளைக்காரன். ஆள் கதவு மாதிரி. மூக்கு எப்போதோ உடைந்து ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அவனோடு மூன்று ரவுண்டு நிற்கிறவனுக்கு வெள்ளிப் பதக்கம் என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? கல்லிடைக்குறிச்சி மாடசாமியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். மிராசுதார் ஒருவர் நெய்யும் பாதாமும் போட்டு வளர்த்த பயில்வான். நல்ல கனம், நல்ல பயிற்சி. இரண்டு மூட்டை நெல்லை இரண்டு தோளில் தூக்கிக்கொண்டு படித்துறை ஏறுவான்.

அவன் கையைப் பிடிக்கப் போனான். பிடிக்கக் கை இல்லை. கை எங்கே என்று பார்ப்பதற்குள் அது அவன் தாடையில் இருந்தது. விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். அவ்வளவுதான்.

மறுநாள் காப்பி கிளப்பில் நான் இருந்தேன். மாடசாமியைத் திட்டாத வாய் இல்லை. முன்னால் நின்று திட்டியவர் ஆறுமுகம் பிள்ளை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பு குமாஸ்தா. ஊரில் எது நடந்தாலும் முதல் நாற்காலி அவருக்கு.

"பயில்வானாம், பயில்வான்! தின்னுதது பூரா தொந்தியில போய் நிக்கி. இந்தக் காலத்துப் பயலுவ எல்லாம் இப்படித்தான்வே. முந்தி ஒவ்வொருத்தனும் எப்படி இருந்தான்? நம்ம முக்கூடல் சுடலைமுத்து இருந்தா இந்நேரம் அந்தத் துரையைச் சுருட்டிக் கக்கத்துல வச்சிருப்பான்."

"இருந்தான்னா? அவரு எங்க போனாரு? முக்கூடல்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சிக்கிட்டு நல்லாத்தான இருக்காரு" என்றார் ஒருவர்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லார் கண்ணிலும் ஒரே யோசனை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மதராஸ் பேப்பரில் அவ்வப்போது வெள்ளைக்கார தேசத்து பாக்ஸிங் செய்தி வருகிறது. கனத்த ஆள்கள் போடுகிற சண்டைக்குத்தான் அங்கேயும் மவுசு. அங்கேயும் இதே புலம்பல்தானாம். முந்தியெல்லாம் வெறுங்கையால் பொழுது சாய்கிற வரைக்கும் அடித்துக்கொண்டார்கள், இப்போது மெத்தை மாதிரி உறை மாட்டிக்கொண்டு, மணி அடித்தால் ஸ்டூலில் போய் உட்காருகிறார்கள், இதெல்லாம் ஒரு சண்டையா என்று. கடல் தாண்டினாலும் வேடிக்கை பார்க்கிறவன் புத்தி ஒன்றுதான். அடி வாங்காதவனுக்கு எப்போதும் பழைய அடிதான் உசத்தி.

மாடசாமி செய்த குற்றம் என்ன? குஸ்திக்காரனைக் குத்துச்சண்டைக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும். அந்தக் காலத்துக் குஸ்திக்காரனை அனுப்பினாலும் இதுதான் நடக்கும். இதைச் சொன்னேன். "உமக்கு ஊர்ப் பற்று கிடையாதுவே" என்றார் ஆறுமுகம் பிள்ளை.

மூன்று வண்டி கட்டிக்கொண்டு முக்கூடலுக்குப் போனார்கள். என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நானும் கடைசி வண்டியில் ஏறினேன்.

சுடலைமுத்து கொடிக்காலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் இன்னும் பெரிய ஆள்தான். தோள் தளர்ந்திருந்தது, ஆனால் இருந்தது. எங்களைப் பார்த்ததும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய மனிதர்களின் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறுமுகம் பிள்ளை மாலையைப் போட்டார். விஷயத்தைச் சொன்னார். கோர்ட்டில் பேசுகிற மாதிரி பேசினார். ஊர் மானம் கப்பலேறிவிட்டது என்றார். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றார்.

சுடலைமுத்து தரையைப் பார்த்தார். "நான் விட்டு ரொம்ப நாளாச்சுல்லா, அண்ணாச்சி. இப்பம் கொடிக்கால்ல குனிஞ்சி நிமிந்தாலே முதுகு பிடிக்கி."

"மூணு ரவுண்டு நின்னா போதும்வே. உம்மைப் பாத்தாலே அவன் ஓடிருவான்."

அதுவரைக்கும் அவர் வேண்டாம் என்கிற பக்கம்தான் இருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தலையாட்டி, வெற்றிலை கொடுத்து, எங்களை அனுப்பியிருப்பார். ஆனால் அவர் சம்சாரம் பேச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"அண்ணாச்சி, சும்மா கூப்பிடாதிய. இவுகளுக்கு எடது கண்ணு தெரியாது. கடேசியா போட்ட குஸ்தியில அந்த ஆளு விரல் பட்டுது. அன்னையிலேருந்து அது அவிஞ்சி போச்சி. மிச்சம் ஒத்தக் கண்ணுதான் இருக்கு. அதையும் கொண்டு போயிராதிய."

யாருக்கும் தெரியாத விஷயம். இத்தனை வருஷம் புருஷனும் பெண்டாட்டியுமாக மூடி வைத்திருந்தது. தலையை ஏன் அப்படித் திருப்பிப் பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சுடலைமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. "ஏளா, உள்ள போ" என்றார்.

யாராவது ஒருவர் அந்த இடத்தில், "சரி அம்மா, நாங்கள் வருகிறோம்" என்று எழுந்திருக்கலாம். ஒருவரும் எழவில்லை. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

"துரையைப் பாக்க ஒத்தக் கண்ணு போதாதா? ரெண்டு கண்ணுக்கும் அவன் அம்புட்டு அழகா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் முடிந்துவிட்டது காரியம். இனிமேல் வரவில்லை என்றால் கண்ணுக்குப் பயந்து ஒதுங்கினான் என்றுதானே ஊர் சொல்லும்? அவரைக் காப்பாற்றப் பேச்சியம்மாள் சொன்ன வார்த்தையே அவரை வண்டியில் ஏற்றிவிட்டது.

"பைய ஓட்டுங்க" என்று வண்டிக்காரனிடம் சொன்னாள்.

சண்டை அன்று சாயங்காலம் கூடாரம் கொள்ளவில்லை. மேலப்பாளையத்திலிருந்து நெசவாளிகள் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். களக்காட்டிலிருந்துகூட வண்டி வந்திருந்தது. நாகஸ்வரமும் தவிலும் வேறு.

சர்க்கஸ் மானேஜர் நடுவில் நின்று இங்கிலீஷில் விதிகளைச் சொன்னான். கட்டிப் பிடிக்கக் கூடாது. தூக்கிப் போடக் கூடாது. கீழே விழுந்தவன் எழுந்து நின்றால் சண்டை தொடரும். மணி அடித்தால்தான் ரவுண்டு முடியும். எனக்கு ரயில்வேயில் வேலை பார்த்த இங்கிலீஷ் கொஞ்சம் உண்டு; கூச்சலுக்கு நடுவே பாதி காதில் விழுந்தது.

சுடலைமுத்து கைகளில் பெரிய உறையை மாட்டிவிட்டார்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன் என்ன சொல்லுதான், அண்ணாச்சி?" என்று கேட்டார்.

கோர்ட்டில் வருஷக்கணக்காக வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்த ஆறுமுகம் பிள்ளை சொன்னார்: "அதெல்லாம் சும்மா சடங்குக்குச் சொல்லுதான். நீரு பாட்டுக்கு நில்லும்வே."

மணி அடித்தது.

முதல் ரவுண்டில் சுடலைமுத்து அடி வாங்கினார். நெஞ்சில், தோளில், விலாவில். அசையவில்லை. உறையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். வலது கண்ணை மறைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. முக்கூடல் போன மூன்று வண்டி ஆளுக்கும் தெரிந்திருக்கும். மற்றவர்கள், "என்ன பொறுமை பாத்தியா! அந்தக் காலத்து ஆளுல்லா!" என்றார்கள்.

இரண்டாவது ரவுண்டில் துரை வேகமாக ஒரு வீச்சு வீசினான். சுடலைமுத்து குனிந்தார். யோசித்துக் குனிந்ததாகத் தெரியவில்லை; உடம்பு தானாகக் குனிந்தது. துரையின் கை அவர் தலைக்கு மேலே போயிற்று. அவர் தோள் துரையின் அக்குளுக்குள் நுழைந்தது. இடுப்பு திரும்பியது. அத்தனை பெரிய உடம்பு காற்றில் ஒரு வளையம் போட்டு வந்து மண்ணில் விழுந்தது. மல்லாக்க. முழு முதுகும் மண்ணில்.

கூடாரம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். கையும் தட்டினேன். இல்லை என்று எழுதினால் பொய்.

மானேஜர் ஏதோ கத்தினான். தூக்கிப் போட்டது தப்பு என்று கத்தியிருப்பான். யார் காதில் விழும்? தவில்காரர் அடிக்கத் தொடங்கிவிட்டார். மாலைகள் பறந்து வந்து விழுந்தன. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதுகு மண்ணில் பட்டால் குஸ்தி முடிந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தது அதைத்தான். ஆயிரம் பேர் கூடின அந்தக் கூடாரத்தில் சண்டை முடியவில்லை என்று தெரிந்தவர்கள் சர்க்கஸ்காரர்கள் மட்டும்தான்; விதியைக் காதில் வாங்கின ஆறுமுகம் பிள்ளையும் நானும்கூட அந்த நேரத்தில் அதை மறந்திருந்தோம்.

சுடலைமுத்துவுக்கும் தெரியாது. கோதாவில் ஒரு முறை உண்டு. விழுந்தவனை ஜெயித்தவன்தான் கை கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கி, அவன் முதுகில் ஒட்டின மண்ணைத் தன் கையால் தட்டிவிட வேண்டும். அதோடு பகை போயிற்று என்று அர்த்தம். அதைச் செய்யாதவனைப் பயில்வான் என்று இந்தப் பக்கத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

துரை ஒரு முழங்காலை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். சுடலைமுத்து முகத்தை மறைத்திருந்த கையை இறக்கினார். சிரித்துக்கொண்டே குனிந்தார். உறை மாட்டின கையை அவனை நோக்கி நீட்டினார்.

எழுந்த வேகத்திலேயே துரை அடித்தான்.

வலது கண்ணில்.

தவில் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாசிக்கிறவர் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவிலேதான் சுடலைமுத்து விழுந்தார்.

முதலில் ஓடி வந்து அவரைத் தூக்கினது யார் தெரியுமா? மாடசாமி. தாடையில் துணிக்கட்டோடு ஒரு மூலையில் நின்றிருந்த, காப்பி குடித்துக் கெட்டுப்போன, இந்தக் காலத்துப் பயில்வான். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தான். வழி விடுங்கள் என்று அவன் கத்தினதற்கு யாரும் விடவில்லை. எல்லாருக்கும் கிட்டத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்டர் பார்த்தார். எரிகிற விளக்கை முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்டார். சுடலைமுத்து, "வெக்கை தெரியுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசல் படியில் அந்தத் துரை உட்கார்ந்திருந்தான். சண்டை போட்ட உடுப்புக்கு மேல் ஒரு கோட். நான் அவனைத் திட்டத்தான் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அவர் கையை நீட்டினார்" என்றான். "என் தொழிலில் நீட்டுகிற கை அடிக்கிற கை. ஏன் நீட்டினார்?"

முதுகில் மண் தட்டுகிற வழக்கத்தைச் சொன்னேன். அவன் தன் முதுகைக் கையால் தடவிப் பார்த்தான். மண் அப்படியே இருந்தது.

இவரை எதற்குக் கூட்டி வந்தீர்கள், வயதானவர் ஆயிற்றே என்று கேட்டான். அந்தக் காலத்துப் பயில்வான்தான் உயர்ந்தவன் என்று எங்கள் ஊரில் நினைக்கிறார்கள் என்றேன்.

சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. அவன் ஊரிலும் அப்படித்தானாம். அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம், உறை இல்லாத காலத்து ஆள்களுக்கு நீ ஈடாவாயா என்பார்களாம். அந்தக் காலத்து ஆள் ஒருவரை அவன் பார்த்திருக்கிறான். ஒரு சாராயக் கடை வாசலில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்களாம். தன் பெயரே அவருக்கு ஞாபகம் இல்லை. அவரைக் காட்டித்தான் கடைக்காரன் வியாபாரம் செய்தானாம். உறையைப் பற்றியும் சொன்னான். "அது அடி வாங்குகிறவன் முகத்துக்கு என்று நினைக்கிறீர்கள். இல்லை. அடிக்கிறவன் விரல் உடையாமல் இருக்க. விரல் உடையாது என்றால் எவ்வளவு பலமாகவும் தலையில் அடிக்கலாம்."

அவனைத் திட்டாமலே திரும்பி வந்தேன். எனக்கு இது புது அனுபவம்.

சரி. பழைய காலமா, இந்தக் காலமா? காப்பி கிளப்பில் இன்றைக்கும் ஓடுகிற விவாதம். நான் தீர்ப்புச் சொல்லட்டுமா? சுடலைமுத்துவின் இடது கண்ணைக் கொண்டுபோனது அந்தக் காலம். வலது கண்ணைக் கொண்டுபோனது இந்தக் காலம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவையும் சுற்றி நின்று கை தட்டினது நாம்தான். நமக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது. நன்றாகவே பார்த்தோம்.

இதில் இன்னொன்று. ஊர் தோற்றதாக நினைக்கவில்லை! அதுதான் வேடிக்கை. "முதுகு மண்ணுல பட்டுச்சா இல்லியா? பட்டுச்சு. அப்பம் ஜெயிச்சது யாரு?" என்று கேட்கிறார் ஆறுமுகம் பிள்ளை. "பொறவு அடிச்சது அவன் செஞ்ச அநியாயம். கணக்குல சேராது." அந்த வெற்றிக்குத்தான் படத் திறப்பு. அதற்குத்தான் மாவிலைத் தோரணம். கொடிக்காலைப் பார்க்க ஆள் இல்லாமல் வெற்றிலை கருகிக் கிடக்கிறது என்று அந்த மாடியில் ஒருவரும் பேசவில்லை.

விழாவுக்கு வருகிறேன். பட்டுத் துணியை விலக்கினார்கள். கைதட்டல். போட்டோவில் சுடலைமுத்து மார்பில் கை கட்டி, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். போன மாதம் எடுத்த படம். ஆனால் கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. போட்டோக்காரர் தூரிகையால் மை தொட்டு எழுதியிருக்கிறார். நல்ல கைவேலை. குறை சொல்ல முடியாது.

"எப்படி இருக்கு?" என்று சுடலைமுத்து மெதுவாகக் கேட்டார். அவரைக் கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டி வந்த மாடசாமி பக்கத்தில்தான் நின்றான். தன் தாடையைத் தடவிக்கொண்டான்.

ஆறுமுகம் பிள்ளை பேச்சியம்மாளை முன்னால் கூப்பிட்டார். "பாருத்தா, சிங்கம் மாதிரி இருக்காருல்லா? என்ன சொல்லுதே?"

அவள் படத்துக்குக் கிட்டத்தில் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அழவில்லை.

"நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. இந்தக் கண்ணை எழுதினவரை ஒரு நா எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. இவுக மூஞ்சியிலயும் எழுதிட்டுப் போவட்டும்."

யாரோ பன்னீர் தெளித்தார்கள். கூட்டம் முடிந்தது.

வருகிற தை மாதம் அந்த சர்க்கஸ் திரும்பவும் வருகிறதாம். மாடிப் படி இறங்கும்போதே எனக்கு முன்னால் போனவர்கள் பேசிக்கொண்டார்கள் — களக்காட்டில் இன்னும் ஒரு அந்தக் காலத்துப் பயில்வான் உயிரோடு இருக்கிறாராம்.